ரத்தப் பரிசோதனையையாவது உள்ளூரில் செய்யுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

புதிய மருந்துகளின் ஆய்வுகளில் ஏழை நோயாளிகளைச் சேர்ப்பதைக் கண்டித்துத் தங்கள் இதழில் வந்த கடிதங்களைப் படித்தேன். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால், எலும்பு மஜ்ஜை செயலிழந்த ஒருவர் இருக்கும் வீட்டிலிருந்து பார்த்தால் வேறோர் அநியாயமும் தெரிகிறது. ஆய்வுக்குள் நுழையவே வழியில்லாமல் வெளியே நிற்கிறோம்.

என் அக்கா மகனுக்கு அப்லாஸ்டிக் அனீமியா. மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உற்பத்தியாவது குறைந்துபோகும் நோய். பல் துலக்கினால் ஈறில் கசியும் ரத்தம் நிற்காது. பஞ்சைக் கடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பான். முழங்காலுக்குக் கீழே கடுகு சிதறியதுபோல் சிவப்புப் புள்ளிகள். ஒன்றரை லட்சத்துக்குக் குறையக் கூடாத பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) பத்தாயிரத்துக்கும் கீழே போயிருக்கும். தானமாகப் பெற்ற பிளேட்லெட்டை ஐந்து நாள்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதால், ஆள் தேடி ஓடுவதே எங்களுக்கு வேலை. ரத்தம் கொடுக்க அவன் தங்கை முன்வந்தபோது மருத்துவர் தடுத்துவிட்டார். பிற்பாடு அவளுடைய மஜ்ஜையை எடுத்து இவனுக்குப் பொருத்த வேண்டியிருக்கலாம். இப்போதே அவள் ரத்தத்தை ஏற்றினால் அவன் உடல் அதை எதிர்க்கப் பழகிவிடும் என்றார். இந்த நோய் உள்ள எல்லாக் குடும்பங்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பரிசோதித்ததில் அவளுடையது பொருந்தவில்லை. உடன்பிறந்த ஒருவருடையது பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான்.

பொருந்தாதவர்களுக்கு மருந்தே கதி. அந்த மருந்துகள் வந்ததும் ஆய்வுகளால்தான். வழக்கமான சிகிச்சை பலிக்காத 25 பேருக்கு எல்ட்ரோம்போபாக் மாத்திரை கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2012இல் வெளியானது. 11 பேருக்குப் பலன் கிடைத்தது. 2022இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் 197 பேர். வழக்கமான சிகிச்சையோடு இந்த மாத்திரையையும் சேர்த்தபோது, மூன்றே மாதத்தில் முழுமையாகத் தேறியவர்கள் 10 சதவீதத்திலிருந்து 22 சதவீதமானார்கள். மேலை நாடுகளைவிட ஆசியாவில் இந்த நோய் இரண்டு மூன்று மடங்கு அதிகம். அப்படியிருக்க, நம் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் வர வேண்டாமா?

வெளியூர்ப் பெரிய மருத்துவமனை ஒன்றில் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார்கள். வாரந்தோறும் நேரில் வர வேண்டும் என்றதும், கூலி வேலைக்குப் போகும் அக்கா வீட்டுக்காரர் கையெழுத்துப் போடாமல் திரும்பிவிட்டார். ஒரு நாள் கூலியையும் பஸ் செலவையும் வாராவாரம் யார் தருவார்கள்? அந்த வாரப் பரிசோதனையில் பெரும்பகுதி ரத்த அணுக்களை எண்ணுவதுதான். அதற்கு அரூரிலிருந்து மாவட்டம் தாண்டிப் போக வேண்டுமா? தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஆய்வு நடத்தும் மருத்துவமனைகள் இவற்றோடு கைகோத்து, ரத்தப் பரிசோதனையையும் ரத்தம் ஏற்றுவதையும் இங்கேயே செய்து முடிவுகளை வரவழைத்துக்கொள்ளலாம். மாநில சுகாதாரத் துறை மனது வைத்தால் நடக்கும்.

பாதுகாப்பைத் தளர்த்தச் சொல்லவில்லை. நோயாளிக்கு விளங்கும் மொழியில் விளக்கிய பிறகே ஒப்புதல் வாங்க வேண்டும், ஆய்வால் பாதிப்பு ஏற்பட்டால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று மருந்து ஆய்வுகளுக்கான 2019ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. அவை எழுத்துக்கு எழுத்து நடக்கட்டும். இந்தியாவில் நடக்கும் ஆய்வுகளைத் தேசியப் பதிவேட்டில் பதிவது 2009 முதல் கட்டாயம். அதில் மஜ்ஜை நோய்களுக்கான ஆய்வுகளை எடுத்து, எங்கே நடக்கிறது, யாரைச் சேர்ப்பார்கள், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்பதையெல்லாம் தமிழில் அச்சிட்டு இவ்விரு கல்லூரிகளின் புறநோயாளிப் பிரிவிலும் ஒட்டிவைக்க வேண்டும். இந்த வேலையை அடுத்த மாதமே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அரூர், தருமபுரி மாவட்டம்.