ஒழுகாத கூரையின் கீழிருந்து ஒரு நன்றி மடல்

அன்புக்குரிய நானாவுக்கும், பாஸ் ஐயாவுக்கும், கணித சேருக்கும், போட்டோ கொப்பிக் கடைத் தம்பிக்கும், எங்கள் பழைய மாணவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை லீவை எங்களுக்காக விட்டுத் தந்த அப்பா அம்மாமாருக்கும்,

போன திங்கட்கிழமை மத்தியானம் மழை பிடித்தது. கொழும்பு மழையை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பத்தாம் தரப் பிள்ளைகளுக்கு விஞ்ஞான பாடம் நடந்துகொண்டிருந்தது. கூரையில் முதல் சத்தம் கேட்டதுமே பின்வரிசையில் நாலைந்து பேர் எழும்பி மேசையின் இரண்டு பக்கமும் பிடித்துவிட்டார்கள். யாரும் சொல்லவில்லை, கை தானாகவே போயிற்று. மழை வந்தால் மேசையைச் சுவரோரம் இழுப்பது, கொப்பியைச் சட்டைக்குள் வைப்பது, வாளியைக் கொண்டுவந்து நடுவில் வைப்பது என்று ஆறு வருடப் பழக்கம் அவர்களுக்கு. பிறகு மேலே பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், மெதுவாக உட்கார்ந்தார்கள். ஒரு சொட்டும் விழவில்லை. நான் பாடத்தைத் தொடரவில்லை. இரண்டு நிமிடம் எல்லோரும் சும்மா இருந்து மழையைக் கேட்டோம். அன்று இரவே இதை எழுதத் தொடங்கினேன்.

நான் கொழும்பு வடக்கில், மட்டக்குளிப் பக்கம், பதினோராம் தரம் வரை மட்டும் உள்ள ஒரு தமிழ்மொழி மூல மாகாணப் பாடசாலையில் பதினேழு வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பாடசாலையின் பெயரை எழுதவில்லை. எழுதினால் விளக்கம் கேட்டுக் கடிதம் வருவது எங்கள் அதிபருக்குத்தான், அவர் பட்டது போதும். எங்கள் பிள்ளைகளின் அப்பாமார் புறக்கோட்டையில் நாட்டாமி வேலை செய்கிறார்கள், ஓட்டோ ஓட்டுகிறார்கள், துறைமுகத்தில் நாட்கூலிக்குப் போகிறார்கள். அம்மாமாரில் பலர் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். மலையகத்திலிருந்து பிழைப்புக்காக வந்து இங்கேயே ஒரு அறையில் தங்கிவிட்ட குடும்பங்களும் உண்டு.

எங்கள் ஆய்வுகூடத்துக்கும் பக்கத்து வகுப்பறைக்கும் மேலான கூரை 2019இல் ஒழுகத் தொடங்கியது. முதலில் ஒரு மூலை, பிறகு நடுப்பகுதி, பிறகு மின்சார வயர் போகும் சுவர். பயந்து ஆய்வுகூடத்தைப் பூட்டினோம். மதிப்பீடு தயாரித்து அனுப்பினோம், ஞாபகமூட்டிக் கடிதம் அனுப்பினோம், மதிப்பீட்டின் காலம் கடந்துவிட்டது என்று வந்ததும் புதிதாக இன்னொன்று தயாரித்து அனுப்பினோம். மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி நேரிலும் வந்தார். கூரையைப் பார்த்தார், குறிப்பெடுத்தார், உண்மையாகவே மனம் வருந்தினார். அவர் கையிலும் காசு இருக்கவில்லை. கல்விக்கென்று ஒதுக்கும் பணத்தில் பெரும்பங்கு எங்கள் சம்பளத்துக்குப் போய்விடுகிறது, அந்தச் சம்பளமோ எங்களுக்குக் காணாது. கூரைக்கும் ஆய்வுகூடத்துக்கும் மிஞ்சுவது சொற்பம், அதற்கும் நூற்றுக்கணக்கான பாடசாலைகள் வரிசையில் நிற்கின்றன.

அப்படியிருக்கத்தான் பழைய சோனகத் தெருவில் நானாவின் ஹாட்வெயார் கடைக்குப் போனேன். இனாமாக வாங்கப் போகவில்லை. கூரைச் சீட் ஒன்றின் விலை என்ன, தவணை முறையில் தருவார்களா என்று கேட்கப் போனேன். கையில் அளவு எழுதிய துண்டு. நானா துண்டை வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “டீச்சர், சல்லிக் கதையப் பொறகு பார்ப்பம். புள்ளைகள் எத்தன பேரு?” என்று கேட்டார். நானூறுக்குக் கொஞ்சம் கூட என்றேன். மூன்றாம் நாள் லொறி வந்தது. சீட், மரம், ஆணி, தண்ணீர் வழியும் பீலி வரைக்கும் இருந்தது. பில்லில் மரத்துக்கு மட்டும் பாதி விலை போட்டிருந்தார், மற்ற இடத்தில் கோடு இழுத்திருந்தார். நானா, அந்த பில்லை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை சிரமதானம். முதல் நாள் பதினொரு அப்பாமார் வந்தார்கள், அடுத்த கிழமை இருபத்துமூன்று பேர். கிழமை முழுக்கப் புறக்கோட்டையில் மூட்டை சுமந்த தோளோடு வந்து மரம் சுமந்தார்கள். வேலையை முன்னின்று நடத்தியவர் அடுத்த ஒழுங்கையில் இருக்கும், கூரை வேலை தெரிந்த சிங்கள பாஸ் ஐயா. ஏணியும் வாளும் அவருடையவை. கூலி என்று நீட்டியதைத் தொடவில்லை. அவருடைய மகள் எங்கள் பாடசாலைப் பிள்ளை இல்லை, பக்கத்துச் சிங்களப் பாடசாலையில் படிக்கிறாள். அங்கேயும் ஒரு வகுப்பறை இதே நிலையில்தான் இருக்கிறதாம். இது முடிந்ததும் அங்கே ஏறப்போவதாகச் சொன்னார். ஐயா, அன்றைக்கு எங்கள் அப்பாமார் ஏழு பேர் உங்களோடு வருவதாகப் பெயர் தந்திருக்கிறார்கள்.

கூரை நின்ற பிறகுதான் நுணுக்குக்காட்டி வந்தது. 1998இல் எங்களிடம் பதினோராம் தரம் முடித்து சாதாரண தரப் பரீட்சை எழுதிய ஒன்பது பேர் சேர்ந்து இரண்டு அனுப்பினார்கள். அவர்களில் ஒருவர் டொரொன்டோவில், ஒருவர் தோஹாவில், மற்றவர்கள் இங்கேதான். அவர்கள் காலத்தில் ஆய்வுகூடம் திறந்திருந்தது. அதனால்தான் பூட்டிய கதை அவர்களுக்கு அவ்வளவு சுட்டிருக்கிறது.

அந்த முதல் நாளை உங்களுக்குக் காட்ட ஆசைப்படுகிறேன். கொட்டாஞ்சேனைச் சந்தையில் காய்கறி விற்கும் அம்மாவின் மகள் ஒரு பெரிய வெங்காயம் கொண்டுவந்திருந்தாள். ஒரு மடலைப் பிரித்து உள்பக்கத்து மெல்லிய தோலை நகத்தால் உரித்தோம். கண்ணாடி வழுக்கியில் ஒரு சொட்டுத் தண்ணீர், அதன்மேல் தோல், அதன்மேல் ஒரு சொட்டு அயடீன். மூடுகண்ணாடியைச் சரித்து வைக்கும்போது என் கையும் நடுங்கியது, காற்றுக்குமிழி புகுந்துவிடுமே என்று. முதலில் பார்த்தவள் வெங்காயம் கொண்டுவந்தவள்தான். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “டீச்சர், கட்டம் கட்டமா இருக்கு. உள்ளுக்க ஒரு புள்ளி. அதுதானா கரு?” என்றாள். அதுதான் என்றேன். பின்னால் வரிசை நெருக்கத் தொடங்கியது. அடுத்துப் பார்த்த பையன் கண்ணை எடுக்கவே மாட்டேன் என்று நின்றான். கடைசியாக வந்தவன் பார்த்துவிட்டு நிமிர்ந்து என்னிடம் கேட்டான்: “அப்ப டீச்சர், நீங்க இவ்வளவு நாளும் போர்ட்ல கீறினது உண்மைதானா?”

அவன் குறும்பாகக் கேட்கவில்லை. அவனுக்கு அது உண்மையான சந்தேகம். ஆறு வருடமாக நான் கரும்பலகையில் கலத்தைக் கீறினேன், பன்சன் சுடரடுப்பைக் கீறினேன், நீலப் பாசிச்சாயத்தாள் சிவப்பாகும் என்று சிவப்புச் சோக்கால் எழுதினேன். என் பிள்ளைகள் விஞ்ஞானத்தை என் சொல்லை நம்பித்தான் படித்தார்கள். இங்கிருந்து பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கறுவாத்தோட்டப் பக்கத்துப் பெரிய பாடசாலைகள். அங்கே அதையே கையால் செய்து பார்த்து எழுதுகிறார்கள். பரீட்சை அன்று இரு தரப்புக்கும் ஒரே வினாத்தாள், ஒரே மூன்று மணித்தியாலம், ஒரே புள்ளித் திட்டம். பெறுபேறு வந்ததும் எங்கள் பிள்ளைகளுக்குக் கெட்டித்தனம் போதாது என்று பேசுகிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு எத்தனை வருடம் நின்றிருக்கிறேன். பழைய மாணவர்களே, அந்த ஒரு பாடவேளைக்காக உங்களுக்கு நான் கடன்பட்டவள்.

ஆமர் வீதிச் சந்தியில் போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கும் தம்பியை மறக்க முடியாது. 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே ஒத்திவைக்கப்பட்டது உங்களுக்கு ஞாபகமிருக்கும். உலகமெல்லாம் அதைச் செய்தியாகப் படித்தது. எங்களுக்கு அது புதுசில்லை, கொஞ்சம் பெரிதாக நடந்தது, அவ்வளவுதான். கடதாசிக்கு எந்த வருடமும் காணாது. மிச்சத்தை ஆசிரியர்கள் தங்கள் காசில் அடிப்பார்கள். தம்பி அன்றிலிருந்து எங்களிடம் கடதாசிக் காசு மட்டும்தான் எடுக்கிறார், மைக்கும் கரண்டுக்கும் இல்லை. இரண்டு பக்கத்தைச் சுருக்கி ஒரு தாளில் அடித்துத் தருவார். எழுத்து சிறிதாகிவிட்டால் கண் பார்வை குறைந்த பிள்ளைகளுக்கென்று ஐந்து பிரதி மட்டும் பெரிதாக, கேட்காமலே, தனியாகக் கட்டி வைத்திருப்பார்.

கணித சேரைப் பற்றி எழுதினால் அவர் கோபிப்பார், பரவாயில்லை. எங்கள் கணித டீச்சர் 2023இல் குடும்பத்தோடு வெளிநாடு போனார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2021இல் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கச் சொல்லி ஜூலையிலிருந்து ஒக்டோபர் வரை ஆசிரியர்கள் ஒன்லைன் வகுப்பிலிருந்து விலகி நின்றோம். இருபது வருடத்துக்கு மேல் பழைய முரண்பாடு அது. ஒரு பகுதி சம்பள உயர்வு 2022 ஜனவரியில் வந்தது. அதே வருடம் செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதத்துக்குப் போனது. வந்த உயர்வு பால்மாவுக்கும் பஸ்ஸுக்கும் போன வேகத்தை என்ன சொல்ல. டீச்சர் போன வெற்றிடத்துக்கு ஆள் வரவில்லை. பதினோராம் தரம் எட்டு மாதம் கணித ஆசிரியர் இல்லாமல் இருந்தது. ஓய்வுபெற்று வீட்டில் இருந்த சேர் ஒருநாள் வந்து அதிபரிடம், “வகுப்பு எங்கே?” என்று மட்டும் கேட்டார். கிழமைக்கு மூன்று நாள், இரண்டு பஸ் மாறி வருகிறார். சட்டைப் பையில் சோக்கும் வீட்டிலிருந்தே வருகிறது. எங்களிடம் அவர் எடுப்பது ஒரு பிளேன் டீ.

அந்த 2021 பற்றி அம்மா அப்பாமாருக்கு நான் இதுவரை வாய்விட்டுச் சொல்லாத ஒன்று இருக்கிறது. கொரோனாவில் ஏற்கனவே பாடம் இழந்திருந்த உங்கள் பிள்ளைகள் எங்கள் போராட்டத்தாலும் இழந்தார்கள். எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை என்று இன்றும் நம்புகிறேன், ஆனால் விலை கொடுத்தது பிள்ளைகள். நாள் கூலியில் வாழும் நீங்கள் மாதச் சம்பளக்காரியான என்னைத் திட்டியிருக்கலாம். பாடசாலை திறந்த அன்று வாசலில் ஒரு அம்மா என் கையைப் பிடித்து, “உங்களுக்கும் வீடு இருக்குத்தானே டீச்சர்” என்றார். அந்தப் பெருமனதுக்கு நன்றி.

இவ்வளவும் சொன்ன பிறகு மனதில் உறுத்துவதையும் சொல்லிவிடுகிறேன், நன்றி சொல்கிற இடத்தில் சொல்லக்கூடாது என்று யாரும் நினைக்க வேண்டாம். 1943இல் அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கரா தலைமையிலான குழு அறிக்கை தந்து, 1945இல் இந்த நாட்டில் கல்வி இலவசமாயிற்று. 1980இல் இலவசப் பாடநூல் வந்தது. 1993இல் சீருடைத் துணி வந்தபோது நான் ஆறாம் ஆண்டு. அந்த வெள்ளைத் துணியை அம்மா தைத்த நாளும், என் உடம்புக்கு அளவெடுத்த முதல் புதுச் சட்டை அதுதான் என்பதும் எனக்கு நேற்றுப் போல. அது யாருடைய இரக்கமும் இல்லை, எனக்கு உரியது என்றுதான் வாங்கினேன். எங்கள் பிள்ளைகள் இன்று கூரையை நானாவின் நல்ல மனதிலும், கணிதத்தைச் சேரின் முழங்காலிலும் நம்பியிருக்கிறார்கள்.

2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதம் கல்விக்குக் கேட்டு மூன்று மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள், காலியிலிருந்து கொழும்புக்கு நடந்தே வந்தார்கள். 2015இல் உலக நாடுகள் கூடி 4 முதல் 6 சதவீதம் என்று இலக்கு வைத்தன. நாங்கள் இன்னமும் 2 சதவீதத்தைச் சுற்றித்தான் நிற்கிறோம். நான் அந்தக் கடைக்குள் நுழைந்ததால் எங்களுக்குக் கூரை கிடைத்தது. நுழையக் கூச்சப்பட்ட டீச்சரின் பாடசாலையில் இந்நேரம் வாளி வைத்துக்கொண்டிருப்பார்கள். நானாவிடம் இதைச் சொன்னபோது அவரும் தலையாட்டினார். “நான் குடுக்கிறது குடுக்கிறதுதான். நீங்க கேக்குற எடத்துல கேக்கிறத விட்டுறாதீங்க” என்றார். விடவில்லை நானா. புதிய கூரையின் படத்தோடு, மின்சார வேலைக்கும் ஆசிரியர் வெற்றிடத்துக்கும் அதிபர் மறுபடி எழுதியிருக்கிறார்.

கணக்கு விபரம் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பேரேட்டில் இருக்கிறது. பற்றுச்சீட்டு ஒவ்வொன்றும் ஒட்டியிருக்கிறோம், காசு தந்த யாரும் வந்து பார்க்கலாம். எல்லாச் செலவும் போக 4,350 ரூபா மிச்சம். அதில் மூடுகண்ணாடி ஒரு பெட்டியும் அயடீன் ஒரு போத்தலும் வாங்குவதாகத் தீர்மானித்திருக்கிறோம், முதல் கிழமையிலேயே பிள்ளைகள் ஏழு மூடுகண்ணாடியை உடைத்துவிட்டார்கள். நுணுக்குக்காட்டி அலுமாரிச் சாவி என்னிடமும் அதிபரிடமும் இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் மூன்றாம் பாடவேளை ஆய்வுகூடம் திறந்திருக்கும். பாஸ் ஐயா, உங்கள் மகளையும் கூட்டி வாருங்கள். வெங்காயம் இருக்கிறது.

என்றும் நன்றியுடன்,
உங்கள் பிள்ளைகளின் விஞ்ஞான டீச்சர்
கொழும்பு 15