அடித்துவிட்ட வரி

அன்புள்ள மண்டோதரிக்கு,

நலம். வாத்தியாருக்கு அதே சளி, அதே புலம்பல். பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டுவதைச் சேர்த்து வை, ஊருக்கு வரும்போது மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன்.

இத்தனை நாள் எங்கே போயிருந்தேன் என்றால், இங்கே இங்கிலாந்தில் இருக்கிற லங்காஷயருக்கு, அதுவும் விக்டோரியா ராணி காலத்துக்கு. மாப்பிள்ளையின் கொள்ளுப்பாட்டிக்கு அம்மா ஒருத்தி, பிரஸ்டனில் பஞ்சாலைத் தறி ஓட்டியவள். பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் வம்சாவளி எழுதச் சொன்னார்கள் என்று ஆரம்பித்தது. அவள் எழுதிக் கொடுத்து மறந்தும் போய்விட்டாள், நான்தான் விடவில்லை. என் குணம்தான் உனக்குத் தெரியுமே.

இங்கே 1837 ஜூலையிலிருந்து பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் சர்க்கார் பதிவு உண்டு, பத்து வருஷத்துக்கு ஒரு முறை மக்கள்தொகைக் கணக்கு வேறு. ஆம்பிளையைத் தேடுவது சுலபம். பெண் என்றால் கல்யாணத்தன்று பெயர் மாறி ஆளே காணாமல் போகிறாள். கல்யாணப் பதிவில் இரண்டு பேருடைய அப்பா பெயர், தொழில் எல்லாம் இருக்கும், அம்மாக்களுக்கு இடமே கிடையாது. 2021 வரைக்கும் இப்படித்தான் என்றால் நம்புவாயா? இவள் கல்யாணம் 1864-இல். அமெரிக்க உள்நாட்டுச் சண்டையால் அங்கிருந்து பஞ்சு வராமல் ஆலைகள் மூடிக் கிடந்து, வந்த சூரத்துப் பஞ்சிலும் நூல் அறுகிறது என்று தறிக்காரர்கள் சபித்துக்கொண்டிருந்த நேரம் (கோவில்பட்டிக்காரியே, கோபப்படாதே). கையெழுத்து இடத்தில் கோணலாக ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான்.

வயசு விஷயத்தில் கில்லாடி. பத்து வருஷத்தில் இவளுக்கு எட்டு வயசுதான் ஏறும். நாவலாசிரியர் டிக்கன்ஸின் சிநேகிதி எல்லன் டெர்னன் 1876-இல் கல்யாணம் செய்துகொண்டபோது பத்து வயசுக்கு மேலேயே குறைத்துச் சொன்னாளாம், அதற்கு இவள் தேவலை. நம் பாட்டனி மேடம் ஞாபகம் வந்ததா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1911 கணக்கில் கல்யாணமான பெண்களிடம் எத்தனை பிள்ளை பிறந்தது, எத்தனை இருக்கிறது, எத்தனை போயிற்று என்று கேட்டார்கள். விதவைகள் எழுத வேண்டியதில்லை. இவள் அப்போது விதவை, மகன் வீட்டில் இருக்கிறாள். ஆனாலும் இவள் பெயருக்கு நேரே மகன் கையெழுத்தில் 9, 4, 5 என்று இருக்கிறது. அதன் மேல் எவனோ ஒரு குமாஸ்தா கோடு போட்டு அடித்திருக்கிறான்.

அந்த ஐந்தில் மூன்று எந்தக் கணக்கெடுப்பிலும் கிடையாது. ஒரு கணக்குக்கு அப்புறம் பிறந்து அடுத்த கணக்கு வருவதற்குள் போய்விட்டவை. பிறப்பு அட்டவணையில் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரைப் போட்டுத் தேட முடிவதால் அகப்பட்டன. ஒன்றின் சாவுச் சான்றிதழை வரவழைத்தேன். காரணம், பல் முளைத்தது என்று போட்டிருக்கிறது. பல் முளைத்தால் சாவார்களாடி? தகவல் கொடுத்தது யார் என்ற இடத்தில் மறுபடி அவள் பெயர், பெருக்கல் குறி.

உன் அம்மாவை நினைத்துக்கொண்டேன். எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும் உன் சின்னத் தம்பியையும் சேர்த்துத்தானே சொல்வார்? பக்கத்தில் இருக்கிறவர்கள் திருத்தினால் எப்படிக் கோபம் வரும்! அந்த மகனை இவள்தான் எழுத வைத்திருப்பாள் என்று எனக்குத் தோன்றுகிறது. மாப்பிள்ளையிடம் சொன்னேன், "பாவம்" என்று சொல்லிவிட்டு காபி போடப் போய்விட்டார். எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை.

இன்னும் இரண்டு சான்றிதழ்கள் வர வேண்டும். சம்பந்தியம்மா பரணில் ஒரு பழைய படம் இருக்கிறது என்கிறார், கிடைத்தால் அனுப்புகிறேன். முழங்கால் எப்படி இருக்கிறது? பெரியக்கா பெண் விஷயம் என்ன ஆயிற்று, எழுது.

உன்
சூர்ப்பனகை