ஹாட் ஜாஸ் வாசிக்கத் தொடங்கிய தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் ஆறு பேர் குழு வாசித்து நீ அனுப்பிய பாட்டுகளைக் கேட்டேன். ஹாட் ஜாஸ் எனப்படும் 1920-களின் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸை இந்தக் காலத்தில் இளைஞர்கள் இவ்வளவு ஆசையோடு எடுத்து வாசிப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. “பழைய ரெக்கார்டில் இருக்கும் துள்ளல் எங்களுக்கு ஏன் வரவில்லை?” என்று கேட்டிருந்தாய். டிரம்பெட் போன்ற உன் கார்னெட்டில் குறை இல்லை. உனக்குப் பின்னால் இருக்கும் டியூபா (அடித்தள ஒலி தரும் பெரிய பித்தளைக் குழல்), பேஞ்சோ (தோல் போர்த்திய கம்பிக் கருவி), டிரம்ஸ் மூன்றையும்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

டியூபாவை எடுத்துக்கொள். பாருக்கு, அதாவது ஒரு தாளக் கட்டத்துக்கு, நான்கு பீட். டியூபா வாசிப்பது 1-இலும் 3-இலும். பெரும்பாலும் கார்டின் (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டத்தின்) அடிச் சுரம், பிறகு அதன் ஐந்தாம் சுரம். இது உங்கள் ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சுரத்தையும் அடுத்த பீட் தொடும்வரை இழுக்கிறார். பேஞ்சோவின் 2-ஆம் பீட் வந்து விழவேண்டிய இடம் அங்கேயே அடைபட்டுப் போகிறது. நாக்கால் தெளிவாகத் தொடங்கி, 2 வருவதற்குள் மூச்சை நிறுத்தச் சொல். துள்ளல் என்று நாம் கேட்பது அந்தச் சின்ன இடைவெளியைத்தான். டியூபா வாசிப்பவர் கிடைக்காத நாளில் டபுள் பாஸ் என்ற பெரிய கம்பிக் கருவியை வைத்துக்கொள்வதில் தப்பில்லை. நியூ ஆர்லியன்ஸ் பியானோ கலைஞர் ஜெல்லி ரோல் மார்ட்டன் 1926-இல் ரெட் ஹாட் பெப்பர்ஸ் குழுவோடு பதிந்தபோது ஜான் லிண்ட்சே டபுள் பாஸ்தான் வாசித்தார். ஸ்டீல் கம்பி மட்டும் வேண்டாம், அதன் ஒலி நெடுநேரம் நிற்கும். விலங்குக் குடலில் திரித்த நரம்புக் கம்பியில் ஒலி எழுந்த வேகத்திலேயே அடங்கிவிடும். ஆம்ப்ளிஃபயரையும் அணைத்துவிடுங்கள்.

பேஞ்சோ நான்கு பீட்டிலும் வரவேண்டும், எல்லாம் மேலிருந்து கீழ் அடி. அடித்த உடனே இடது கை விரல்களைக் கம்பியிலிருந்து லேசாகத் தளர்த்தினால் ஒலி வெட்டுப்படும். உங்கள் பதிவில் பேஞ்சோ எல்லோரையும் விழுங்குகிறது. அடிக்கும் கையைக் கழுத்துப் பக்கம் நகர்த்தினால் கூர்மை குறையும். அதற்கும் அடங்காவிட்டால், பின்பக்கம் தோலுக்கும் உள்ளே ஓடும் கட்டைக்கும் நடுவில் ஒரு துண்டைத் திணியுங்கள்; பேஞ்சோக்காரர்களிடம் வெகுநாளாக இருக்கும் வழி இது. கார்டுகளிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் ஆள் கூடுதல் சுரம் சேர்த்த மேஜர் செவன்த், நைன்த், தர்டீன்த் எல்லாம் போடுகிறார். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் கேட்பவரை முப்பது வருஷம் பிந்தைய காலத்துக்குத் தள்ளிவிடுகிறது. சாதாரண மேஜர் அல்லது சிக்ஸ்த், டாமினன்ட் செவன்த், டிமினிஷ்டு ஆகியவை இந்த இசையில் ஏறக்குறைய எல்லாத் தேவைக்கும் போதும்.

டிரம்ஸ்தான் பெரிய வேலை. ரைடு சிம்பல் என்ற பெரிய உலோகத் தட்டில் விடாமல் “டிங் டிங்-க-டிங்” என்று வாசிப்பது பிந்தைய காலத்துப் பாணி. ஒரு மாதத்துக்கு அந்தச் சிம்பலைக் கழற்றி வைத்துவிடச் சொல். ஸ்நேர் என்ற சின்ன டிரம்மில் குச்சியை அழுத்தி உருட்டும் பிரெஸ் ரோல், உட்பிளாக் என்ற மரக்கட்டை, அடித்தவுடன் கையால் பிடித்து அமுக்கும் சிம்பல், இவை போதும். பாஸ் டிரம்முக்குள் வைத்திருக்கும் தலையணையையும் எடுத்துவிடுங்கள். காலால் மெதுவாக அடித்தாலே அது நிறைந்து ஒலிக்கவேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கார்னெட் கலைஞர் கிங் ஆலிவரின் குழு 1923-இல் இந்தியானா மாநிலம் ரிச்மண்டில் ஜென்னட் ரெக்கார்டு கம்பெனிக்காகப் பதிந்தபோது மைக் கிடையாது. எல்லா ஒலியும் ஒரு பெரிய குழல் வழியாகப் போய், அந்த அதிர்விலேயே ஊசி மெழுகில் கோடு கிழித்தது. பெரிய டிரம்மை ஓங்கி அடித்தால் ஊசி தடம் புரளும். ஆலிவரின் டிரம்மர் பேபி டாட்ஸ் அந்த ரெக்கார்டுகளில் பெரும்பாலும் உட்பிளாக்கிலேயே கேட்பது அதனால்தான். நடன அரங்கில் அவர் வாசித்தது முழு டிரம் செட். மின் ஒலிப்பதிவு வந்தது 1925-இல். அதற்கு முந்தைய ரெக்கார்டைக் கேட்கும்போது எது பாணி, எது கருவியின் இயலாமை என்று பிரித்துப் பார்க்கவேண்டும். உட்பிளாக்கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தால் நீங்கள் நகலெடுப்பது ஒரு குழலின் குறையைத்தான். டாட்ஸ் 1940-களில் தனியாக வாசித்துப் பேசி விளக்கிய பதிவுகளை உங்கள் டிரம்மர் தேடிக் கேட்கட்டும்.

சத்தம் குறைந்தால் இசை படுத்துவிடும் என்று பயப்படாதே. 1925-இல் தொடங்கிய, கார்னெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ் குழுவில் பாஸும் இல்லை, டிரம்ஸும் இல்லை. ஜானி செயின்ட் சிரின் பேஞ்சோவும் லில் ஹார்டினின் பியானோவும் மொத்தத் தாளத்தையும் சுமந்தன.

அடுத்து முன்வரிசை. கார்னெட்டுக்கு மெட்டு, நடு ஸ்தாயியில், முக்கால்வாசி நேராக. கிளாரினெட் உனக்கு மேலே, கார்டைப் பிரித்து வேகமான சுரங்களாக ஓடும். டிராம்போன் கீழே, ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போய்ச் சேர்த்துவிடும். நீ நீளமாக ஒரு சுரம் பிடிக்கும்போது டிராம்போன் நகரவேண்டும், நீ நகரும்போது அது நிற்கவேண்டும். உங்கள் பதிவில் மூவரும் ஒரே இடத்தில் நிறைக்கிறீர்கள், ஒரே இடத்தில் மூச்சு வாங்குகிறீர்கள். இதற்கு டூபா ஸ்கின்னி குழுவைக் கேள். 2009-இல் நியூ ஆர்லியன்ஸில் தொடங்கி, ராயல் தெருவில் நின்று வாசித்தே வளர்ந்த குழு. டிரம் செட் இருக்கவேண்டிய இடத்தில் அவர்களிடம் துணி துவைக்கும் பலகையான வாஷ்போர்டு. கார்னெட் வாசிக்கும் ஷே கோன் உச்ச ஸ்தாயிக்கு அவசரப்படுவதே இல்லை. மெட்டைத் தாங்கிக்கொண்டு மற்றவர்களுக்கு இடம் விடுகிறார். இன்று இந்தப் பாணியில் வாசிப்பவர்களில் நான் உனக்கு முதலில் காட்டுவது அவரைத்தான்.

பெரிய குழுவாக வளரும் எண்ணம் இருந்தால் நியூயார்க்கின் வின்ஸ் ஜியார்டானோவைப் பார். 1976-இல் நைட்ஹாக்ஸ் குழுவைத் தொடங்கியவர். பாஸ் சாக்ஸபோன், டியூபா, டபுள் பாஸ் மூன்றையும் மாற்றி மாற்றி வாசிப்பவர், பல்லாயிரம் பழைய ஆர்கெஸ்ட்ரா நோட்டுகளைச் சேர்த்து வைத்திருப்பவர். அவரிடம் கற்கவேண்டியது ஒழுங்கு: எட்டுப் பத்துப் பேர் சேர்ந்துவிட்டால் எழுதிய நோட்டு இல்லாமல் நடக்காது.

உங்கள் பாட்டுகள் ஏழு நிமிஷம் ஓடுகின்றன, ஆளுக்கு மூன்று சுற்றுத் தனி வாசிப்பு. அந்தக்கால 10 அங்குல ரெக்கார்டில் ஒரு பக்கம் சுமார் 3 நிமிஷம்தான். கணக்குப் போட்டுப் பார்: நிமிஷத்துக்கு 200 பீட் வேகத்தில், 4 பார் முன்னுரை, 16 பார் வெர்ஸ் (முன்பகுதி), 32 பார் கோரஸ் (முக்கிய மெட்டு) நான்கு, ஆக 148 பார், 592 பீட். 2 நிமிஷம் 58 விநாடியில் முடிகிறது. முதல் கோரஸ் எல்லோரும், இரண்டாவதில் ஒருவர் பாடட்டும், மூன்றாவதைத் தனி வாசிப்புகளுக்குப் பாதி பாதியாகப் பிரித்துக்கொடு, கடைசியில் மறுபடி எல்லோரும். நடுவே 2 பார் பிரேக் ஒன்றோ இரண்டோ வைத்துக்கொள். தாளம் அப்படியே நின்று ஒருவர் மட்டும் வாசிப்பது. அந்த 2 பாரில் யாரும் காலால் தட்டக்கூடாது, தாளம் உள்ளேயே ஓடவேண்டும். பிரேக் முடிந்து திரும்பும் பீட்டில் உங்கள் குழு சிதறுகிறது. அதை மட்டும் தனியாக எடுத்து, மெதுவான வேகத்தில் தொடங்கி, பலமுறை பயிற்சி செய்யுங்கள்.

ரெக்கார்டிலிருந்து நோட்டு எடுக்கும்போது சுருதியை நம்பிவிடாதே. நிமிஷத்துக்கு 78 சுற்று வேகம் என்று பெயரே தவிர, அந்தக்காலப் பதிவுகள் கூடக் குறையத்தான் ஓடின. ஏறக்குறைய 6 விழுக்காடு வேகம் மாறினால் அரைச் சுரம் மாறிவிடும். பித்தளைக் கருவிகளுக்கு இதமான சுருதிகள் எஃப், பி ஃப்ளாட், ஈ ஃப்ளாட். பாட்டு பி நேச்சுரலிலோ ஈ நேச்சுரலிலோ கேட்டால், வேகம் தப்பியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுப் பிறகு எழுது.

அடுத்த பதிவுக்கு ஆறு மைக் வேண்டாம். ஒன்றை நடுவில் வை. பாடுபவர் பாடும்போது ஓரடியில், கிளாரினெட் மூன்றடியில், பேஞ்சோ ஐந்தடியில், நீயும் டிராம்போனும் ஏழெட்டு அடியில், டியூபாவும் டிரம்ஸும் அதற்கும் பின்னால். ஒருமுறை வாசித்து, கேட்டு, ஆளை நகர்த்துங்கள். ஒலியளவுக் குமிழைத் தொடாதீர்கள். பேஞ்சோ இன்னும் முந்துகிறதென்றால் அவர் இரண்டடி பின்னால் போகட்டும். அப்படிப் பதிந்த ஒரு பாட்டை, வெட்டாமல் ஒட்டாமல், எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்