ஆர்கேட் பெட்டிக்கு ஒரு சுவிட்ச் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காசு போட்டு வீடியோ கேம் ஆடும் பழைய ஆர்கேட் விளையாட்டுப் பெட்டியை வீட்டிலேயே செய்வது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஜாய்ஸ்டிக்குக்கு அரைப் பக்கம், ஸ்டிக்கருக்குக் கால் பக்கம். மின்சாரத்துக்கு மட்டும் ஒரே வரி: 'பின்பக்கம் ஒரு சுவிட்ச் வைத்துக்கொள்ளுங்கள்.' முப்பது வருஷம் வயரிங் வேலை பார்த்தவன் நான். பேத்திக்காக இப்படி ஒரு பெட்டி செய்து சூடுபட்டும் இருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

இருபக்கமும் சாய்த்துத் தட்டுகிற, உள்ளே விளக்கு எரிகிற ராக்கர் சுவிட்சைத்தான் பலரும் வாங்குகிறார்கள். பின்னால் மூன்று முனை இருக்கும். ஒன்றில் பேஸ் (கரண்ட் வரும் ஒயர்) உள்ளே போகும், இன்னொன்றில் வெளியே வரும். பெரும்பாலும் பித்தளை நிறத்தில் இருக்கும் மூன்றாவது முனை, உள்ளே இருக்கும் குட்டி விளக்குக்கான நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்). சுவிட்சுக்கு எதற்கு மூன்று முனை என்று யோசித்த என் மருமகன், பேஸையும் நியூட்ரலையும் முதல் இரண்டில் செருகிவிட்டார். ஆஃபில் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. தட்டினாரோ இல்லையோ, 'டப்' என்றது. கரண்டைத் தானாகத் துண்டிக்கும் எம்சிபி விழுந்து வீடே இருட்டு. ப்ளக்கைக் கழற்றி வைத்து, எந்த முனை எதனோடு சேருகிறது என்று மல்டிமீட்டரில் ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் போதும்.

என்னைக் கேட்டால், பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் டபுள் போல் சுவிட்சே நல்லது. ப்ளக்கைத் திருப்பிச் செருகக்கூடிய இடத்தில் எது பேஸ் என்று யார் சொல்ல முடியும்? எர்த் ஒயர் மட்டும் எந்தச் சுவிட்சுக்குள்ளும் போகக்கூடாது; பெட்டிக்குள் இருக்கும் உலோகத்துக்கு நேராகப் போக வேண்டும். கம்ப்யூட்டர் பின்னால் இருப்பதுபோல சாக்கெட், ஃபியூஸ், சுவிட்ச் மூன்றும் ஒன்றாக வரும் யூனிட் கிடைத்தால் பாதி வேலை மிச்சம்.

மானிட்டரும் அடாப்டரும் ஓடும்போது ஒரு ஆம்பியர்கூட இழுக்காது என்று சின்ன சுவிட்சாகப் போடுகிறார்கள். போட்ட நொடியில் அடாப்டருக்குள் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டர்கள் அதைவிடப் பல மடங்கு இழுக்கும். நாளடைவில் சுவிட்சுக்குள் தொட்டு விலகும் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டு, ஆஃப் செய்தாலும் அணையாத சுவிட்சாகிவிடும். 250 வோல்ட் ஏசி, 10 ஆம்பியர் என்று உடம்பிலேயே அச்சிட்டதாகப் பார்த்து வாங்குங்கள். இன்னொன்று: அழுத்தினால் 'கிளிக்' என்று உட்காரும் ராக்கர், மெல்லிய தகட்டுக்காகச் செய்தது. 18 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் அதன் காது பிடிக்காது. நான் பெரிய ஓட்டை போட்டு, மேலே ஒரு தகட்டை அறைந்து, அதற்கும் எர்த் கொடுத்து, அதில் மாட்டினேன்.

இவ்வளவும் தெரிந்த நான் சறுக்கியது வேறு இடத்தில். பெட்டிக்குள் இருந்தது ராஸ்பெர்ரி பை 4 என்ற கையளவுக் கம்ப்யூட்டர் போர்டு. ஆட்டம் முடிந்ததும் ஃபேனை அணைப்பதுபோல ராக்கரைத் தட்டி அணைத்துவந்தேன். ஒரு நாள் திரை கறுப்பாகவே நின்றது. மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய், கார்டு கெட்டுவிட்டது. சேர்த்து வைத்த ஸ்கோர் எல்லாம் போச்சு. பேத்தி இரண்டு நாள் பேசவில்லை.

ஆகவே இரண்டாவதாக ஒரு பட்டன் வேண்டும். கையை எடுத்தால் மீளும் சாதாரண ஆர்கேட் பட்டனே போதும். பை 4-ல் அதன் இரண்டு ஒயரை 5, 6-ஆம் பின்களில் செருகி, மெமரி கார்டில் அதன் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் ஃபைலில் ஷட்டவுனுக்கான ஒரு வரி சேர்த்தால், அழுத்தும்போது முறைப்படி மூடும். மறுபடி அழுத்தினால் எழும். பைக்குப் பதில் பெரிய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் அதன் மதர்போர்டின் பவர் சுவிட்ச் பின்களில் மாட்டலாம். இந்தப் பின்களுக்குச் சில வோல்ட்தான் பழக்கம். 230 வோல்ட் ஒயர் இந்தப் பட்டன் பக்கமே வரக்கூடாது. பை போர்டில் இருக்கும் பச்சை விளக்கு சிமிட்டுவது நின்றபிறகே ராக்கரை அணைக்க வேண்டும். பட்டனை 'ஸ்டார்ட்' பக்கத்தில் வைக்காதீர்கள்; பேத்தியின் தோழி ஆட்டத்தின் நடுவில் அமுக்கிவிட்டாள். இப்போது அது பெட்டியின் தலைமேல் இருக்கிறது.

அடுத்த பகுதியில் இதற்கென ஒரு வயரிங் படம் போட்டால் பலருக்கு உதவும். அதில் எர்த் ஒயரைத் தயவுசெய்து பச்சை மஞ்சளிலேயே வரையச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வயர்மேன் ஒருவர்