படத்துக்கு முதல் அளவு

யாழ்ப்பாணம்

அன்பு மகளுக்கு,

ஆவணியில் வந்து வலிகாமம் வடக்கில் கைவிட்டுக் கிடக்கிற, நடுவில் முற்றம் வைத்த நாற்சார் வீடுகளைப் படம் எடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். நல்ல வேலை. ஆனால் படம் மட்டும் என்றால் அரைவாசிதான், பிள்ளை. கோட்டைக்குள் ஒல்லாந்தர் 1706இல் கட்டிய தேவாலயம் போரில் கற்குவியலாகிப் போச்சு. எந்தக் கட்டடத்துக்கும் அந்தக் கதி வரலாம். கமராவைத் தூக்க முதல் ஒரு கிடைப்படம், அதாவது மேலிருந்து பார்க்கிற மாதிரி வீட்டின் தள வரைபடம், கீறு.

உரித்துக்காரர் வெளிநாட்டில் இருந்தாலும் ஒருவரின் சம்மதத்தையாவது எழுத்தில் வாங்கு. கிராம சேவகருக்கும் சொல்லிவிடு. 1990இல் போரால் சனம் இடம்பெயர்ந்த இடங்கள் அவை. மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடிப் பலகை கண்டால் திரும்பு. பலகை இல்லாவிட்டாலும் ஆக்கள் நடக்கிற தடத்தை விட்டு இறங்காதே. பின்வளவில் கிணற்றுக் கட்டு இடிந்து பற்றை மூடியிருக்கும், தடியால் தட்டித் தட்டிப் போ. ஓட்டுக் குவியலுக்குள் புடையன் பாம்பு கிடக்கும், கை விடாதே. ஆவணியில் சோளகக் காற்றும் அடிக்கும். உக்கின சிலாகையில் தொங்குகிற ஓடு காற்றுக்கு வழுகும். காற்று எழும்ப முதல், காலையிலேயே உள்வேலையை முடி.

இனி அளவு. இரண்டு பேர் வேண்டும், ரேப்பின் (அளவுநாடாவின்) மற்ற நுனியைப் பிடிக்க. ஒவ்வொரு துண்டாக அளந்து கூட்டாதே. துண்டுக்கு அரைச் சென்ரிமீற்றர் பிழைத்தாலும் எட்டுத் துண்டில் நாலு சென்ரிமீற்றர் போய்விடும். சுவரின் ஒரு மூலையில் பூச்சியத்தை வைத்து ரேப்பை எடுக்காமலே வாசி: யன்னல் தொடக்கம் 1.15, முடிவு 2.05, கதவுநிலை 3.40, இப்படியே மறு மூலை வரை. நெஞ்சு உயரத்தில், தொய்யாமல் இழுத்துப் பிடி.

பழைய வீட்டில் எந்த மூலையையும் 90 பாகை என்று நம்பாதே. முற்றத்துக்கு நாலு பக்கமும் இரண்டு மூலைவிட்டமும் எடு. பக்கங்கள் 4.20, 3.60 என்றால் மூலைவிட்டம் இரண்டும் 5.53 வரவேண்டும். ஒன்று 5.60, மற்றது 5.46 என்றால் முற்றம் கோணியிருக்கிறது; அந்தக் கோணலையும் கீறு, நேராக்கி அழகு பார்க்காதே. சுவரின் தடிப்பை கதவுநிலையில் பார்க்கலாம். வெளி அளவு, உள் அளவுகளும் சுவர்த் தடிப்புகளும் சேர்ந்ததற்குச் சமனாக வராவிட்டால் வளவை விட்டு வெளிக்கிட முதல் திரும்ப அள. வீட்டுக்கு வந்து கண்டுபிடித்தால் அந்த நாள் வீண். விறாந்தைக்கும் முற்றத்துக்கும் உள்ள இறக்கத்துக்கு ஊடு தெரிகிற குழாயில் தண்ணீர் விட்டு மட்டம் பிடி. உள்ளே காற்றுக் குமிழி நின்றால் மட்டம் பொய் சொல்லும். கிடைப்படம் 1:50 போதும். 12 மீற்றர் வீடு 24 சென்ரிமீற்றர், ஏ4 தாளுக்குள் அடங்கும்.

சுவர் முருகைக்கல்லா (பவளப்பாறைக் கல்), சுண்ணக்கல்லா என்று குறித்துவை. பூச்சு விழுந்த இடத்தில் தெரியும், நீ சுரண்டாதே. சுண்ணாம்புச் சாந்துக்கு மேல் யாரோ சீமெந்து பூசியிருந்தால் அந்த எல்லையையும் கீறு. சீமெந்து ஈரத்தை உள்ளே மறிக்கும், உப்புப் பூத்து, பூச்சு கல்லின் முகத்தையும் பிடுங்கிக்கொண்டு விழும். அரசங்கன்றைப் பிடுங்காதே, வேரோடு கல்லும் வரும். விழுந்த ஓட்டின் முத்திரையைப் படம் எடுத்துவிட்டு அதே இடத்தில் வை. பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரிச் சங்கம் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். அந்த ஓடு இருந்தால் கூரை அதற்குப் பிந்தியது. சுவரின் வயதை அது சொல்லாது. முந்தி இருந்த, அரைக்குழாய் வடிவான பீலி ஓட்டைக் கழற்றிவிட்டுப் பிறகு இதை மாற்றியிருக்கலாம்.

படங்களை அறை இலக்கத்தின்படி எடு, தலைவாசலில் தொடங்கி வலஞ்சுழியாக. சுவருக்கு நேர் எதிரே நின்று, அளவுகோல் ஒன்றைச் சாத்தி வை. முப்பரிமாண மாதிரி செய்ய நினைத்தால் நின்ற இடத்திலேயே சுழலாதே. அடிக்கு அடி நகர்ந்து, படத்துக்குப் படம் மூன்றில் இரண்டு பங்கு ஒன்றின்மேல் ஒன்று மேவ வேண்டும். முகநூலில் போட முதல், எடுத்த இடத்தைக் காட்டப் படத்துக்குள் பதிவாகிற இடக்குறியீட்டை நீக்கு. தேக்கங்கதவும் செதுக்கின தூணும் எங்கே கிடக்கிறது என்று தேடித் திரிகிறவர்களுக்கு வழிகாட்டாதே. (ஓடும் மரமும் களவு போன வீட்டுக்கு இரண்டு மாரி போதும்.)

30 மீற்றர் ரேப்பும் தூக்குக்குண்டும் இங்கே இருக்கு. நீ நல்ல ரோச் லைற் ஒன்றும், கணுக்கால் மூடுகிற சப்பாத்தும் மட்டும் கொண்டு வா.

அம்மா