ஹாலுக்கு வந்த கணினி

ஜெலுத்தோங், பினாங்கு

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்ததில் சந்தோஷம். செந்தூல் மழையில் நனையாமல் இரு. இங்கே எல்லோரும் நலம். அவர் இன்னமும் விடாமல் தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறுகிறார்.

உன் பேத்திக்கு உன் மகன் டேப்லெட் வாங்கப் போகிறான், நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டிருந்தாய். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், அப்புறம் நீயே யோசி.

என் பேத்தி, பெரியவளுக்கு எட்டு வயது. போன மாதம் டேப்லெட்டில் ஏதோ ஒரு விளையாட்டு விளையாடும்போது, முகம் தெரியாத யாரோ அதிலேயே எழுதிப் பேசியிருக்கிறார்கள். முதலில் பெயர், பிறகு வயது, பிறகு எந்தப் பள்ளி. இவளும் சொல்லியிருக்கிறாள். பள்ளிச் சீருடையில் ஒரு படம் அனுப்பு என்றதும்தான் பயந்து, டேப்லெட்டைத் தலையணைக்குக் கீழே தள்ளிவிட்டாள். இரண்டு நாள் சரியாகப் பசியாறவில்லை. காய்ச்சலோ என்று நான் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் ராத்திரி என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "பாட்டி, அம்மாகிட்ட சொன்னா டேப்லெட்ட பிடுங்கிடுவாங்களா?" என்றாள்.

மல்லிகா, எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அந்த ஆளைவிட எங்களுக்குத்தான் பிள்ளை அதிகம் பயந்திருக்கிறாள். சாப்பிடாவிட்டால் பிடுங்கிவிடுவேன், படிக்காவிட்டால் பிடுங்கிவிடுவேன் என்று நாங்கள்தானே தினமும் சொல்லிக்கொண்டிருந்தோம்! நானும் சொல்லியிருக்கிறேன்.

யாரும் திட்டவில்லை. மகன் அந்தப் பேச்சையெல்லாம் படம்பிடித்து வைத்துக்கொண்டு, அந்த ஆளைத் தடுத்துப் புகார் கொடுத்தான், விளையாட்டில் பேசும் வசதியையும் அடைத்தான். மறுநாளே வகுப்பு ஆசிரியையிடம் சொல்லி, எங்களைத் தவிர வேறு யாரோடும் அவளை அனுப்பக் கூடாது என்று கேட்டுக்கொண்டோம். பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் உதவி கேட்கும் அரசாங்கத் தொலைபேசிச் சேவை தாலியான் காசேயின் எண் 15999 இப்போது குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது.

அந்த வாரமே ஒரு பழைய மேசைக் கணினி வாங்கி, சமையலறையிலிருந்து திரை தெரிகிற மாதிரி ஹாலில் வைத்தோம். முதல் நாள் அவள் திரையை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ரொட்டி சானாய் எண்ணெய்தான் திரையில் கோடு கோடாகப் படிந்தது. "பாட்டி, இது கெட்டுப்போச்சு" என்றாள். மவுஸைக் கொடுத்தால் மேசை ஓரம்வரை இழுத்துக்கொண்டு போய் நின்றுவிடுவாள். தூக்கி நடுவில் வைத்து மறுபடி இழுக்கலாம் என்பது பிடிபடவே இரண்டு நாள் ஆனது.

தமிழில் எழுத அஞ்சல் விசைமுறையைக் காட்டினேன். 1985இலேயே முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர் என்றும் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி, திரையில் 'பாட்டி' என்று வந்ததும் அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! இப்போது பிள்ளைகள் கணினிக்கு நிரல் எழுதப் பழகும் ஸ்கிராட்சில் பூனையை நடக்க வைக்கிறாள். எட்டு வயதிலிருந்து பதினாறு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்காகச் செய்தது அது, நன்றாகவே பிடித்துக்கொண்டாள்.

சின்னவனுக்கு மூன்று வயதுதான். இரண்டிலிருந்து நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, குறைத்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. அவனுக்கு மணலும் வாளியும் போதும்.

இன்னொன்று. டிக்டாக் போன்றவற்றில் கணக்குத் திறக்க வயது வரம்பு உண்டு. பல நேரம் வீட்டுப் பெரியவர்களே பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுத் திறந்து கொடுக்கிறார்கள். உன் மகன் அதைச் செய்ய விடாதே.

டேப்லெட் வாங்குவது அவன் விருப்பம். ஆனால் கையில் கொடுக்கும் அன்றே, எது நடந்தாலும் வந்து சொல், சொன்னதற்காகப் பிடுங்க மாட்டோம் என்று பேத்தியிடம் சொல்லச் சொல். சொன்னபடி நடக்கவும் வேண்டும்.

தைப்பூசத்துக்கு வருகிறாய்தானே? பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா. அவள் பெயரைத் தட்டிப் பார்க்க வேண்டுமாம், 'ழ' வருமா 'ள' வருமா என்று இவள் பக்கத்தில் நின்று கேட்கிறாள்.

அன்புடன்,
சரோஜா