திறப்பு யாரிடம்?

ஆசிரியருக்கு,

வன்னியில், ஊரார் கூடிப் பத்திரிகை வாசிக்கும் சனசமூக நிலையங்கள் பூட்டிக் கிடப்பது பற்றி உங்கள் பத்திரிகையில் வாசித்தேன். எல்லாரும் கைத்தொலைபேசிக்குள் போய்விட்டதுதான் காரணம் என்றிருந்தது. எங்கள் ஊர்க் கதை வேறு.

பரந்தனுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் நிலையத்தைத் தொடங்கியவர்கள் இரசாயனத் தொழிற்சாலை வேலையாட்கள். ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்த ஆலை அது. என் ஐயாவுக்கும் அங்கேதான் வேலை. சிப்ட் முடிந்தால் நேரே வீட்டுக்கு வரமாட்டார், நிலையத்துக்குத்தான் போவார். ஒரு ஓலைக் கொட்டில், இரண்டு வாங்கு, ஒரு கரம் போட், அவ்வளவுதான். ரயிலில் வரும் கொழும்புப் பத்திரிகை பின்னேரம்தான் கைக்குக் கிடைக்கும். தாள் தாளாகப் பிரிந்து ஆளாளுக்குப் போய்விடும். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு நான் உரத்து வாசிப்பேன். “முதல்ல மரண அறிவித்தலை வாசி தம்பி” என்பார்கள். கூலி ஒரு வெறும் தேத்தண்ணி.

சும்மா புகழக்கூடாது. 304 என்ற சீட்டு விளையாட்டில் அடிபிடி வரை போனதும் உண்டு. பெண்கள் அந்தப் பக்கமே வந்ததில்லை, அது எங்கள் பிழை.

போரோடு ஆலை நின்றது. 1990இல் ரயிலும் நின்றது. பொருளாதாரத் தடையில் பற்றரி ஏது? சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ வேலைசெய்யும். இரவு 9.15க்கு பி.பி.சி. தமிழோசை. சுற்றுகிறவரின் கை ஓய்ந்தால் செய்தியும் தேய்ந்துபோகும். “சுத்தடா” என்று நாலு பேர் கத்துவோம். 1996இல் கிளிநொச்சியே இடம்பெயர்ந்தபோது ஸ்கந்தபுரத்தில் ஒரு மரத்தடியில் அதே கரம் போட்டோடு கூடினோம். 2009இல் அதுவும் போயிற்று. அதைச் சுற்றி இருந்தவர்களிலும் பலர் இல்லை. அதை இங்கே எழுதப்போவதில்லை. 2010இல் திரும்பி வந்ததும் தறப்பாளின் கீழ் மறுபடி வாங்கு போட்டோம்.

இத்தனைக்கும் மூடாத நிலையம், சீமெந்துக் கட்டடம் கிடைத்த பிறகுதான் மூடிற்று. மாபிள் நிலம், கிறில் போட்ட யன்னல், இரும்புக் கதவு, அதில் ஒரு பெரிய பூட்டு. பழைய கொட்டிலுக்குக் கதவே இருந்ததில்லை. அந்தப் பூட்டின் திறப்பு நிலையச் செயலாளரிடம் இருந்தது. அவர் வேலை தேடிக் கொழும்புக்குப் போனார். போகும்போது யாரிடம் கொடுத்தார் என்பதற்கு ஊரில் மூன்று கதை உண்டு. பிறகு பத்திரிகை நின்றது. பில் கட்டாததால் கரண்டையும் வெட்டினார்கள். பொறுப்பான அலுவலகத்தில் போய்க் கேட்டோம். “நிலைய மண்டபத்தில் பொதுக்கூட்டம் கூட்டிப் புது நிர்வாகம் தெரிவுசெய்து வாருங்கள்” என்றார்கள். சரி, மண்டபத்தை யார் திறப்பது?

மேசன் வேலை, மில் வேலை முடித்து வரும் பெடியள் பின்னேரங்களில் மதகில் குந்தியிருந்து போன் பார்க்கிறார்கள். மதகுக்கு நேர் எதிரேதான் நிலையம். அவர்கள் போனுக்குள் போனதால் கதவு பூட்டப்படவில்லை. கதவு பூட்டியிருப்பதால் மதகில் இருக்கிறார்கள்.

கூட்டத்தை மதகடியிலேயே வைப்பது என்று சிலர் சேர்ந்து முடிவெடுத்திருக்கிறோம். வருகிற ஞாயிறு பின்னேரம் 4 மணி. இந்த முறை பெண்களுக்கும் சொல்லியிருக்கிறோம். திறப்பை வைத்திருப்பவர் இதை வாசித்தால் அவரும் வரட்டும், ஒருவரும் ஏசமாட்டோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மேசன் ஒருவர்,
பரந்தன்.